அயல்நெறி நூலைக் கற்குமாறு

நூல்களைக் கற்பதனால் வரும் பயன் இரண்டு. ஒன்று, அறியாதவற்றை அறிதல். மற்றொன்று, அறிந்தவற்றால் வாழ்க்கை திருந்துதல். இவற்றுள் முன்னையது முயற்சியுடையார் யாவர்க்கும் எளிது. நினைவாற்றலும் ஓய்வும் வாய்த்த ஒருவன் சில ஆண்டுகளில் ஆயிரஞ் செய்யுளை நெட்டுருச் செய்துவிடுதல் கூடும். பின்னையதோ மிக அரிது. ஆயிரஞ் செய்யுள் வல்லான் தன் வீட்டு ஏவலாளிடத்துக் கடுஞ்சொற் கூறுதலையும், ஒரு நூலும் அறியாத மூதாட்டி அயலார் குழவிக்குத் தன் சோற்றைப் பகிர்ந்தளித்தலையும் நாடோறும் காண்கின்றோமன்றோ? ஆகலின் வாழ்வு திருந்துவது நூலின் பெருமை ஒன்றனால் மட்டும் நிகழ்வதன்று. கற்பான் அந்நூலின்முன் எத்தகைய உள்ளத்தோடு அமர்கின்றான் என்பதனாலும் நிகழ்வது என்பது பெறப்படும்.

அவ்வுள்ளத்தை அளத்தற்குரிய உரைகல் யாது? நம் நெறி நூலை உரைகல்லாகக் கொள்ளுதல் பொருந்தாது. என்னை? அதன்பால் நமக்கு முன்னரே அன்புண்டு. அன்புள்ளவிடத்துப் பணிவு தானே வரும். நாம் உடன்படாத ஒன்றனைக் கூறும் நூலை விரித்துவைத்துக்கொண்டு அமருங்காலையிலேதான், கற்பானது உள்ளம் எத்தன்மைத்து என்பது புலனாகும். ஆகவே, தன் நெறிக்கு அயலான நூலை ஒருவன் கற்கலாமோ, கற்பின் எவ்வாறு கற்றல் வேண்டும் என்னும் வினாவை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இவ்வினாவிற்கு இருதிறத்தார் விடை கூறுவர். ஒரு திறத்தார், பிறநெறி நூலைத் தீண்டின் நம் பற்றுத் தளரும், ஆகலின் தீண்டற்க என்பர். மற்றொரு திறத்தார், எல்லா நூலும் ஒன்றனையே கூறும், ஆகலின் எதனையும் எவ்வாறும் படிக்கலாம் என்பர். முன்னவர் கூற்றிற்கு அச்சமும், பின்னவர் கூற்றிற்கு அசட்டையும் காரணமாம். இவ்விருவர் கையிலும் நூல் கற்கப்படாமலே ஒழிகின்றது. இவற்றின் வேறாய வழியொன்று உண்டு. அது புதுவதாக யாம் புனைந்து கூறுவதன்று. நம் ஆசிரியன்மார் நடந்து காட்டிய வழியே.

முதற்கண் அஞ்சுவார் கூற்றை ஆராய்வாம். அவர் தமக்கு அரணாகச் சேக்கிழார் சுவாமிகள் வரலாற்றை எடுத்துக்காட்டுவர். சோழவேந்தன் சமணர் காப்பியமாகிய சீவக சிந்தாமணியைக் கேட்டு இன்புற்றிருந்தனன் என்றும், அமைச்சராகிய சேக்கிழார் அதனை விலக்கித் திருத்தொண்டர் வரலாற்றைக் கேட்குமாறு அறிவுறுத்தினர் என்றும், அதன் பயனாகவே பெரியபுராணம் எழுந்தது என்றும் சேக்கிழார் புராணம் கூறுவது நம் அன்பர் யாவரும் அறிந்தது. இவ்வரலாற்றினின்று பிறர் நூல் தீண்டத்தகாதது என்னும் முடிபு போதருமோ எனின், போதராது என்க. சேக்கிழார் அந்நூலைக் கொளுத்துக என்று அரசனை வேண்டினாரல்லர். அதனை ஓதுவாரை ஒறுக்க என்றாருமல்லர். ஒரு நூலுக்கு மற்றொரு நூலையே விடையாக இறுத்தார். தொண்டர் வாழ்ந்த ஊர்களையும் அவர் செயல்களையும் ஆராய்ந்து, பெருங்காப்பியம் ஒன்றனையே இயற்றினார். பிறர் நூல் நமக்கு உடன்பாடன்றாயின் நாம் செய்யற்பாலது இதுவே. அஞ்சி ஓடுதல் எளிது. அதனினும் நல்லதொன்றை ஆக்குதல் அரிது. அரியதைச் செய்த பெரியாரை எளியதற்குச் சான்றாக்குதல் முறையாகாது.

இனி, சாத்திர ஆசிரியர் செய்தது யாது எனப் பார்ப்பாம். அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியுடைத்து. சுபக்கத்தின் முன்னே பரபக்கம் நிற்றலை நோக்குக. அதன்கண் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகள் எடுத்துக் கூறப்படுகின்றன. ஒவ்வொருவர் கொள்கையும் முதற்கண் தனியே நிறுவப்படும். அதன் பின்னரே மறுதலை தொடங்கும். உடம்பிற்கு வேறாக உயிர் இல்லை என்பவன் கூற்றும் ஆண்டு இருக்கை பெறுகின்றது. நம் ஆசிரியர் அவனைத் தாமே பேசுவிக்கின்றனர். பேசி முடிக்கும்வரை இடைமறித்தாரல்லர். அவ்வளவு நூல்களை அவர் கற்றிலரேல் அவ்வாறு கூறுதல் யாங்ஙனம் இயலும்?

எமக்குப் பரபக்கம் பாடஞ்சொன்ன ஆசிரியர் இவ்விடத்தில் ஒரு முறை வகுத்திருந்தனர். மாணவர் மறுதலையைத் தொடுவதற்கு முன் எதிரியின் கொள்கையைத் தம் சொல்லால் எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வெதிரி அங்கிருந்து கேட்பின், ஆம், யான் கருதியது இதுவே என்று தலையசைக்குமாறு அது அமைதல் வேண்டும். அமையாதாயின் அன்று பாடம் மேற்செல்லாது. ஒரு முறை மாத்தியமிகர் கொள்கையொன்றிலேயே பல நாட்கள் கழிந்தன. நூலை முடித்தற்கு விரைந்த மாணவர் சிலர் இதனை வீண் காலப்போக்கு என்று கருதினர். அஃது அவ்வாறன்று என்பதை வாழ்க்கையே பின்னர் விளக்கிற்று. பங்காளிகள் இருவர் வரப்புப் பூசலிலோ பாகப் பிரிவினையிலோ எதிர்நிற்குங்கால், ஒவ்வொருவனும் மற்றவன் சொல்லாததையே சொன்னதாகக் கொண்டு வெகுள்வதைக் காண்கின்றோம். அங்ஙனம் வந்தாரை, முதலில் நும் எதிரியின் வழக்கை நீரே கூறுமின் என்று கேட்டுப் பார்த்துள்ளோம். கூறத் தொடங்கிய அளவிலேயே அவர் குரல் தணிந்தது. பரபக்கத்தின் வாழ்க்கைப் பாடம் இதுவே: மறுக்கும் உரிமை, செவ்விதின் கேட்டவனுக்கே உண்டு.

மேலே கூறிய சிந்தாமணியையே இனி எடுத்துக்கொள்வாம். அதன் வரலாறு, கற்பான் கடமையை வேறொரு முகத்தால் விளக்கும். திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியம் 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் உடையது. அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் சைவர். அவர் முதற்கண் எழுதிய உரையைச் சமணர் ஏற்றிலர் என்றும், அதன்மேல் அவர் சமணரிடஞ் சென்று அவர்தம் நூல்களைப் பயின்று மீண்டும் உரை எழுதினர் என்றும் ஒரு கன்னபரம்பரை உண்டு. செவிவழிச் செய்தியே ஆயினும் அதன் உட்கோள் சிறந்ததொன்று. நூலுக்குரியார் உடன்படாத உரையைத் தாம் எழுதிவிட்டதனாலேயே உரை என்று அவர் கொண்டிலர் என்பதன்றோ அதன் கருத்து?

பிற்காலத்தில் அதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது. அது செவிவழிச் செய்தியன்று. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டவர். அந்தாதியும் கோவையும் தலபுராணமும் பலப்பல கற்றவர். 1880ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலை, அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைப் பழைய காப்பியங்களின்பால் திருப்பினர். சிந்தாமணியைப் பாடஞ்சொல்லுமாறு வேண்டினர். ஏட்டைத் தொடங்கிய ஐயரவர்கட்கு, தாம் அதுகாறும் பயின்ற நூல்களில் இல்லாத சமண சமயச் செய்திகள் இடந்தோறும் எதிர்ப்பட்டன. அவர் என் செய்தனர்? தம் புலமையைத் துணைக்கொண்டு தமக்குத் தோன்றியவாறு பொருள் கூறிப் போயினாரல்லர். கும்பகோணத்துச் சமணர்களை அடுத்து, அவர்கள் பரம்பரையாகக் கேட்டுவந்த பொருளைக் கேட்டுத் தெளிந்தனர். பல பிரதிகளை ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டில் அந்நூலை உரையொடும் அச்சிட்டு வெளிப்படுத்தினர்.

கல்லூரி ஆசிரியர் ஒருவர், தம் நெறியினரல்லாதார் இல்லத்து வாயிலில் மாணவராய்ச் சென்று நின்ற அக்காட்சியை எண்ணுந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது. அதனால் அவர் திருநீற்றை இழந்தாரோ? இழந்திலர். சிவபெருமானிடத்து அன்பு குறைந்தாரோ? குறைந்திலர். தமிழுலகம் ஒரு காப்பியத்தைப் பெற்றது. சமணர் தம் முன்னோர் நூல் அச்சேறி உலாவக் கண்டனர். அறியேன், அறிந்த நீவிர் கூறுமின் என்னும் ஒரு சொல்லால் விளைந்த நன்மை இது. இந்நாளில் ஏட்டுப் பிரதிகளும் அச்சு நூல்களும் மின்னுருவாய்க் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நூலைத் தேடி ஊரூராய் அலையும் துன்பம் பெரிதும் நீங்கிற்று. அதனை வாழ்க்கையாகக் கொண்டாரைத் தேடிச் சென்று கேட்கும் வழக்கமும் அதனுடனே நீங்குமாயின், பெற்றதினும் இழந்தது பெரிதாகும்.

இனி, அந்நூல் கூறும் பொருளுள் ஒன்றனை நோக்குவாம். சிந்தாமணிக்கு மணநூல் என்னும் பெயரும் உண்டு. மணங்களின் சுவையளவில் நின்று நூலை மூடிவிடுவார் பலர். அவர் இறுதியாகிய முத்தி இலம்பகத்தைச் சென்று சேர்வதில்லை. அதன்கண், தன் தேவியரொடு சோலையிலிருந்த சீவகன் ஒரு நிகழ்ச்சியைக் காண்கின்றான். ஆண்குரங்கு ஒன்று பலாப்பழத்தைத் தன் மந்திக்கு அளிக்கின்றது. காவலன் ஓடிவந்து குரங்குகளை ஓட்டி அப்பழத்தைக் கைக்கொள்கின்றான். அவ்வளவே நிகழ்ச்சி. அதனைக் கண்ட சீவகனுக்கு, பழத்தை இழந்த குரங்கு தன் பகைவனாகிய கட்டியங்காரனைப் போலவும், பறித்துக்கொண்ட காவலன் தன்னையே போலவும் தோன்றுகின்றன. துறவுள்ளம் பிறக்கின்றது.

ஈண்டுச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். சீவகன் குற்றமுடைய அரசனல்லன். கட்டியங்காரன் அமைச்சனாயிருந்து அரசனைக் கொன்று நாட்டைக் கவர்ந்தவன். சீவகனோ தந்தை நாட்டை முறைப்படி மீட்டவன். உலகர் வழக்கில் அவன் பக்கமே நீதி. ஆயினும் தேவர் அவனைக் கொண்டே, யானும் பறித்தவன் என்று எண்ணச் செய்கின்றனர். தீயவன் தன்னைத் தீயவன் என உணர்வதைப் பல நூல்கள் கூறும். வழக்கில் வென்ற நல்லவன், தான் வென்ற பொருளின்மேல் தன் கை இருத்தலைக் கண்டு நாணுவதைக் கூறும் நூல் அரிது.

இளமையில் யாம் அப்பகுதியைக் கற்றகாலை அதன் உவமை நயம் எம்மைக் கவர்ந்தது. அறுபது கடந்த இந்நாளில் அதே பகுதி எம்மை வேறொரு வினாக் கேட்கின்றது. யாம் குடியிருக்கும் சிறு மனை முறையாக விலைகொடுத்து வாங்கிப் பதிவு செய்யப்பட்டது; அதன்கண் ஒரு வழுவுமில்லை. ஆயினும், அதனை விற்றவன் எக்குறையால் விற்றனன், அவன் கைவிட்ட நாளில் அவன் மனையாள் என்ன எண்ணினள் என்று அந்நூல் வினவுகின்றது. அவன் மக்கள் இன்றும் எம் தெருவின் கோடியில் வாழ்கின்றனர். அவர்களைக் காணுங்கால் எம் வாயினின்று எழும் சொல் முன்னினும் மெல்லிதாயிற்று. ஒரு சமணத் துறவி எத்தனையோ நூற்றாண்டுகட்கு முன் ஏட்டில் எழுதியது ஒரு சைவன் தெருவில் நடக்கும் நடையைத் திருத்துமாயின், அதனை அயலார் நூல் என்று புறத்தே வைத்தல் நன்றியாகுமோ?

அற்றேல், எல்லா நூலும் ஒன்றே என்னும் இரண்டாந் திறத்தார் கூற்றுக்கு யாம் உடன்பட்டேமோ எனின், இல்லை. அது பரந்த நோக்கம் போலத் தோன்றினும், இரு நூலுக்கும் இழைக்கும் தீங்கேயாம். சமணநெறி, வினையை உயிர் தன் தவமுயற்சியாற் கழித்துத் தானே வீடெய்தும் என்று கொள்வது. வினையை ஊட்டும் இறைவன் ஒருவனை அது வேண்டுவதில்லை. நம் சித்தாந்தமோ, உயிரின் அறிவு மலத்தால் மறைப்புண்டது, அதனைத் தானே நீக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை, முதல்வன் திருவருளே நீக்கும் என்பது. யான் எனது என்னும் செருக்குத் துன்பத்திற்கு வேர் என்பதில் இருவரும் ஒருமித்து நிற்கின்றனர். அவ்வேரைக் களைவது யாது என்னுமிடத்து வேறுபடுகின்றனர். இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டும் ஒன்றே என்பான், தேவரையும் கற்றிலன், மெய்கண்டாரையும் கற்றிலன். தம் கொள்கைக்காக உலகின்பங்களைத் துறந்த ஒருவரை நோக்கி, நீர் கூறியதும் யாம் கூறியதும் ஒன்றுதான் என்பது, அவர் கூறியதை யாம் கேட்கவேயில்லை என்பதனோடு ஒக்கும்.

நாம் பிறர்க்குச் செய்யவேண்டுவதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பிறர் நமக்குச் செய்ததில் எதனை விரும்பினோம் என எண்ணிப் பார்த்தலே அது. கிறித்தவ சமய போதகராகத் தமிழ்நாடு போந்த ஜி. யு. போப் துரையவர்கள் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900ஆம் ஆண்டில் தம் எண்பதாம் வயதில் வெளியிட்டனர். அதன் முகவுரைப் பகுதியில் சித்தாந்தக் கொள்கைகளை எடுத்துரைத்து, உமாபதி சிவாசாரியாரது திருவருட்பயனையும் மொழிபெயர்த்துச் சேர்த்தனர். அவர் தம் சமயத்தை விட்டாரல்லர். நம் கொள்கைகளை முற்றும் ஏற்றாருமல்லர். தமக்கு மாறுபாடு தோன்றியவற்றை அவர் மறைத்தாருமல்லர். ஆயினும் முதுமையின் தளர்ச்சியைப் பொருட்படுத்தாது மணிவாசகர் சொல் ஒவ்வொன்றின்முன்னும் அவர் அமர்ந்திருந்தார் என்பதனாலேயே நாம் அவரை நினைந்து மகிழ்கின்றோம். நம் நூலைக் கல்லாமலே புகழ்ந்தாரை நாம் அவ்வாறு நினைப்பதில்லை.

மறுத்தற்பொருட்டுக் கற்பாரும் இம்முறைமைக்கு விலக்காகார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் (1822-1879) பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர். பின்னர்ச் சைவத்தைப் பழித்தார்க்கு விடையாக 1854ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், விவிலியத்தை நன்கு கற்றவரன்றி மற்றையோர் எழுதற்கியலாத நூல். அவர் சொல்லின் வன்மை சிலர்க்கு மிகையாகத் தோன்றலாம். கல்லாது மறுத்தார் என்று எவரும் கூறவியலாது.

மறுத்தற்கெழுந்த நூலும் சில வேளைகளில் எதிரிக்கு உதவி புரிந்துவிடுகின்றது. பௌத்த காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாக இன்று நமக்குக் கிடைத்திலது. சிற்சில செய்யுட்களே எஞ்சின. அதனை மறுத்தற்கு எழுந்த நீலகேசி என்னும் சமண நூலோ உரையுடன் நிலைபெற்று, 1936ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரவர்களால் பதிப்பிக்கப்பட்டது. குண்டலகேசியின் வாதங்கள் எத்தன்மையன என அறிய விரும்புவார்க்கு அந்நீலகேசியும் அதன் உரையுமே இன்று பெருந்துணை. எதிரியின் கூற்றை வாங்கிக்கொண்டு மறுத்தமையால், மறுத்தவர் மனையிலேயே எதிரியின் குரல் எஞ்சியிருக்கின்றது. எதிரியின் கொள்கையைத் திரித்துக் கூறியவன், அவன் நூல் மறைந்த பின்னர் அவனை இரண்டாம் முறையும் கொன்றவனாகின்றான். இதனை எண்ணின், பிறர் கருத்தை எடுத்துரைக்கும் ஒவ்வொரு முறையும் நம் நா நடுங்குதல் வேண்டாவோ?

இதுகாறும் கூறியவாற்றால், அயல்நெறி நூலைக் கற்பானுக்குரிய முறைமை ஒருவாறு புலப்படும். முதலாவது, தன் நெறியின் அடிப்படை நூல்களை ஆசிரியர்பால் ஓரளவேனும் கற்றுக் கொள்ளுதல். தனக்கென நிலையொன்று இல்லாதவனுக்கு ஒப்பிடவும் இயலாது, வேறுபடவும் இயலாது. இரண்டாவது, அந்நூலை அந்நெறியினர் எவ்வாறு கொள்கின்றனர் என்பதை அவர்பாலே கேட்டறிதல். மூன்றாவது, மறுப்பதற்கு முன் அவர் தலையசைக்குமாறு அவர் கருத்தைக் கூறப் பழகுதல். நான்காவது, வேறுபாட்டை மறையாது, இன்சொல்லால் வெளிப்படக் கூறுதல். ஐந்தாவதே தலையாயது: நூல் யார்மேற் குற்றஞ் சாட்டினும், அக்குற்றம் தன்பால் உளதோ என முதற்கண் நோக்குதல். பிறன் நூலில் பிறன் குற்றத்தைத் தேடுவான் வெறுங்கையனாய் மீள்வான். தன் குற்றத்தைத் தேடுவான் எந்நூலினின்றும் பொருளொடு மீள்வான்.

இளைஞர் சிலர், இத்துணை இடர்ப்பாடு எதற்கு, நம் நூல்களே நமக்கு ஒருபிறவி முழுதும் போதாவோ என வினவுவர். போதும், அதில் ஐயமில்லை. திருமுறையும் சாத்திரமும் கற்பார்க்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் அயல்நெறி நூல் கற்றல் வீடுபேற்றிற்கு இன்றியமையாதது என்று யாம் கூறினேமல்லேம். நம் தெருவிலும் அங்காடியிலும் அலுவலகத்திலும் பிறநெறியாளர் பலர் நம்முடன் வாழ்கின்றனர். நூல் வாய் திறந்து சண்டையிடுவதில்லை. பக்கத்தை மூடினால் அடங்கிக் கிடக்கும். அத்தகைய நூலையே பொறுமையோடு கேட்கவியலாதவன், உயிரும் உணர்ச்சியும் உடைய மனிதனை யாங்ஙனம் கேட்பான்? அயலார் நூலைக் கற்றல், அயலாரைக் கேட்டற்குரிய பயிற்சி. அப்பயிற்சியில் தேர்ந்தான் எவன் என்பதை அவன் எழுதும் கண்டனத்தால் அறிதல் அரிது. தன்னோடு மாறுபட்டவன் பேசுங்கால் அவன் முகம் இருக்கும் நிலையால் அறியலாம். அன்பர்கள் இதனைத் தம் வீட்டிலும் அவையிலும் ஆராய்ந்து, தமக்குத் தாமே விடை காண்பார்களாக.